எல்லாருக்கும் ஒரே சட்டி!

பாஸ், உங்க கேன்டீன்ல பாஸ்தா கிடைக்குமா?

எங்க காலேஜ்ல கிடைக்கும். ஒரு பிளேட் வாங்கினா அஞ்சு பேர் ஆறு ஸ்பூனோட பாய்வோம். (ஆறாவது ஸ்பூன் யாரோடதுன்னு இன்னிவரைக்கும் கண்டுபிடிக்க முடியல!) அப்படித் தின்னு தின்னு, 'இதை நாமளே சமைச்சா என்ன?'ன்னு ஒருநாள் எனக்கு வீரம் வந்துச்சு. அந்த வீரத்தால எங்க வீட்டுல என்ன ஆச்சுங்கிறதுதான் இந்த வாரக் கதை. கதையோட முடிவுல நாலு டின்னரும் இருக்கு. ஓடிடாதீங்க!

எனக்குச் சொந்த ஊர் சாணார்பட்டி. திண்டுக்கல்லுல இருந்து நத்தம் ரோட்டுல வந்தா வரும். மொட்டை மாடியில ஏறினா சிறுமலை தெரியும். திண்டுக்கல்னா உங்களுக்குப் பூட்டும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். சேமியாவும் எங்க ஏரியாதான் மக்களே! அணில் சேமியா திண்டுக்கல் கம்பெனி. அதாவது, இத்தாலிக்காரன் 'பாஸ்தா'ன்னு பேர் வெச்சதை, நாங்க 'சேமியா'ன்னு பாயசத்துல போட்டுக் குடிச்சுக்கிட்டு இருக்கோம்.

அப்படிப்பட்ட ஊர்ல, சேமியா சாப்பிடவே கூடாத ஒரு பொண்ணு இருக்கா. என் தங்கச்சி. ஆறாம் வகுப்பு.

தனித் தட்டு

சின்ன வயசுல இருந்தே அவளுக்கு வயிறு சரியா இருக்காது. அடிக்கடி வயித்தால போகும், வயிறு உப்பும், எடை ஏறாது. 'பூச்சியா இருக்கும்'னு மருந்து குடுத்தாங்க. 'ரத்தம் கம்மி'ன்னு டானிக் குடுத்தாங்க. 'தெம்பு வரட்டும்'னு அம்மா தினமும் ராத்திரி சப்பாத்தி போட்டாங்க. ஆனா, பிரச்னையே அந்தச் சப்பாத்திதான்னு ரெண்டு வருஷம் முன்னாடி, மதுரையில ஒரு குடல் டாக்டர் ரத்த டெஸ்ட்டும் எண்டோஸ்கோப்பியும் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சது. நோயோட பேரு 'சீலியாக்'.

கோதுமை, பார்லி, ரை... இந்த மூணு தானியத்துலயும் 'குளூட்டன்'னு ஒரு புரதக் கூட்டம் இருக்கு. சீலியாக் உள்ளவங்க அதைச் சாப்பிட்டா, உடம்போட எதிர்ப்பு சக்தி தன் சொந்தக் குடலையே தாக்க ஆரம்பிச்சிடும். சத்தை உறிஞ்சற சின்னச் சின்னக் குடல் விரல்கள் தேய்ஞ்சு தட்டையாகிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் ஒட்டாது. மாத்திரை, ஊசின்னு எதுவும் கிடையாது. கோதுமையை வாழ்நாள் பூரா விடணும், அதுதான் வைத்தியம்.

சரி, விட்டாச்சு. ஆனா எப்படி விட்டோம் தெரியுமா? எங்க எல்லாருக்கும் சப்பாத்தி, குருமா. அவளுக்கு மட்டும் மதியம் வெச்ச சோறு, தனித் தட்டு, தனி டம்ளர். எங்களுக்குப் பரோட்டா பார்சல் வரும், அவ உள்ள போய் டி.வி. பார்ப்பா. கேட்டா, 'எனக்குப் பசிக்கலண்ணே'ம்பா.

பதினோரு வயசுப் பொண்ணுக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பசிக்காதா பாஸ்?

வீரம் வெளைஞ்ச கதை

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனப்ப, 'இன்னிக்கு நைட் நான்தான் குக்!'னு அறிவிச்சேன். எங்களுக்குச் சாதா பாஸ்தா. அவளுக்குத் திண்டுக்கல்ல தேடி அலைஞ்சு வாங்கின குளூட்டன் இல்லாத பாஸ்தா. விலையைப் பார்த்து எனக்கே மயக்கம். பரவாயில்ல, தங்கச்சிதானே!

பெரிய சட்டியில தண்ணி கொதிக்க வெச்சேன். முதல்ல எங்க பாஸ்தாவை வேக வெச்சு, கரண்டியால அரிச்சு எடுத்தேன். கொதிக்கிற தண்ணி அப்படியே இருந்துச்சு. கேஸ் மிச்சம், தண்ணி மிச்சம்! அதே தண்ணியில அவளோடதைப் போட்டேன். அதே வடிகட்டியில வடிச்சேன். அன்னிக்கு அவ எங்களோட உட்கார்ந்து ரெண்டு தட்டு சாப்பிட்டா. 'அண்ணே, சூப்பர்ண்ணே!'

மறுநாள் காலையில இருந்து மூணு நாள் அவ பள்ளிக்கூடம் போகல.

அந்தத் தண்ணியிலயும் வடிகட்டியிலயும் கோதுமை மாவு கரைஞ்சு இருந்ததுன்னு, தெர்மோடைனமிக்ஸ்ல 'ஏ' கிரேடு வாங்கின எனக்குத் தோணல. இந்தியாவுல 'குளூட்டன் ஃப்ரீ'ன்னு அச்சடிக்கணும்னா, ஒரு கிலோ உணவுல 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி. 20 மில்லிகிராம்! கண்ணுக்கே தெரியாத அளவு. நான் கொதிக்கிற கோதுமைத் தண்ணியிலயே முக்கி எடுத்திருக்கேன்.

அம்மா திட்டல. தங்கச்சியும் கோபப்படல. 'இனிமே எனக்குச் சோறே போதும்ண்ணே'ன்னு மட்டும் சொன்னா. அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

மில்லுல மாட்டின திருடன்

சரி, மெக்கானிக்கல் இன்ஜினீயர் ஆகப் போறோம்... ஃபெயிலியர் அனாலிசிஸ் பண்ண வேணாமா? ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு அம்மாவோட அடுக்களையில உட்கார்ந்தேன். ஏன்னா, என் பாஸ்தாவுக்கு முன்னாடியும் அப்பப்ப அவளுக்கு வயித்து வலி வந்துக்கிட்டுதான் இருந்திருக்கு. கோதுமையை விட்டும் ஏன் வருது?

முதல் திருடன், பெருங்காய டப்பா. நாம வாங்கற பெருங்காயம் சுத்தப் பெருங்காயம் இல்ல. கூட்டுப் பெருங்காயம். அதுல கோந்தும் மாவும் கலந்திருப்பாங்க. பல டப்பாக்கள்ல அந்த மாவு கோதுமை மாவு, இல்லேன்னா மைதா. அரிசி மாவு கலந்ததும் கிடைக்குது, டப்பாவைத் திருப்பிப் படிச்சுதான் வாங்கணும். தினம் சாம்பார்ல, ரசத்துல ஒரு சிட்டிகை போயிருக்கு!

ரெண்டாவது திருடன், ராகி சேமியா. பேருதான் ராகி. பல பாக்கெட்டுகள்ல ராகியோட கோதுமையும் இருக்கும். அதே மாதிரி, 'சம்பா கோதுமை நாட்டு ரகம், ஒண்ணும் பண்ணாது'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சம்பாவும் கோதுமைதான். ரவை, மைதா, சோயா சாஸ், மால்ட் கலந்த பானம் எல்லாத்தையும் சந்தேக லிஸ்ட்ல போடுங்க.

மூணாவது திருடன்தான் பெரிய கை. இடியாப்ப மாவு! அரிசிதானே, அதுல என்னன்னு கேக்கறீங்களா? அரிசி நல்லதுதான். அரைக்கிற மெஷின்? மாவு மில்லுல எனக்கு முன்னாடி நின்ன அக்கா பத்து கிலோ கோதுமை அரைச்சிட்டுப் போனாங்க. அதே கல்லு, அதே பெட்டி, அதே துணிப்பை. அடுத்து நம்ம அரிசி. மில்காரர் மேல தப்பே இல்ல, ஊருக்கே ஒரு மெஷின். ஆனா, எங்க 'சுத்தமான' இடியாப்ப மாவுல முதல் ரெண்டு படி பாதிக் கோதுமை!

இதை அம்மாகிட்ட சொன்னதும், அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், 'எங்க அம்மா மாவு மில்லுக்கே போனதில்லடா. அரிசியை ஊற வெச்சு, ஆட்டி, இட்லி மாதிரி அவிச்சு, சேவையா பிழிவாங்க'ன்னாங்க.

பல்பு எரிஞ்சது பாஸ்!

பாட்டியோட எக்ஸ்ட்ரூடர்

பாஸ்தா எப்படி ஓடாம ஒட்டி நிக்குது? கோதுமை மாவுல தண்ணி விட்டுப் பிசைஞ்சா குளூட்டன் ஒரு வலை மாதிரி பின்னிக்கும். அந்த வலைதான் பாஸ்தாவுக்குப் பலம். அதை அச்சு வழியா அழுத்தித் தள்ளி, காய வெச்சா பாஸ்தா. இதுக்கு இன்ஜினீயரிங் பாஷையில எக்ஸ்ட்ரூஷன்னு பேரு.

அரிசியில அந்த வலை கிடையாது. பச்சைத் தண்ணியில பிசைஞ்சா உதிர்ந்துடும். நம்மாளு என்ன பண்ணினான்? சூடு குடுத்தான்! அறுபது, எழுபது டிகிரி தாண்டினா அரிசியோட ஸ்டார்ச் தண்ணியைக் குடிச்சு, உப்பி, பசையாகிடும். அந்தப் பசைதான் இங்க வலைக்குப் பதில். அதனாலதான் இடியாப்ப மாவுக்குக் கொதிக்கிற தண்ணி ஊத்தறோம். சேவைக்கு அவிச்சுட்டு, சூடு ஆறறதுக்குள்ள அச்சுல போட்டுப் பிழியறோம். ஆறினதும் ஸ்டார்ச் மறுபடி இறுகும், இழை உடையாம நிக்கும். எலுமிச்சைச் சேவையை ஆற வெச்சுக் கிளர்றதுக்கு இதுதான் காரணம். கொங்கு நாட்டுல இதையே சந்தகைம்பாங்க, தேங்காய்ப்பால் ஊத்திச் சாப்பிடுவாங்க.

ஆக, கோதுமை இல்லாத பாஸ்தாவை நான் ஊரெல்லாம் தேடி அலைஞ்சப்ப, அதைச் செய்யற மெஷின் எங்க வீட்டுப் பரண்ல தூசு பிடிச்சுக் கிடந்திருக்கு!

இன்னொரு வேடிக்கை கேளுங்க. 1924-ல சிட்னி ஹாஸ்ங்கிற அமெரிக்க டாக்டர், சீலியாக் குழந்தைங்களுக்கு வாழைப்பழ வைத்தியம் பண்ணினார். குழந்தைங்க தேறினாங்க. 'ஆஹா, வாழைப்பழம்தான் மருந்து'ன்னு உலகமே நம்புச்சு. (எங்க சிறுமலை வாழைக்கு அன்னிக்கே ஏஜென்ஸி எடுத்திருக்கலாம்!) ஆனா, குணமானதுக்குக் காரணம் பழம் இல்ல. பழத்தைத் தின்னதால ரொட்டி தின்னல, அதான். இதை நிரூபிச்சவர், வில்லெம் டிக்கெங்கிற நெதர்லாந்துக் குழந்தை டாக்டர். ரெண்டாம் உலகப் போர்ல, 1944-45 குளிர்காலத்துல அங்க கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கல. ஊரே வாடினப்ப, சீலியாக் குழந்தைங்க மட்டும் தேறினாங்க. போர் முடிஞ்சு ரொட்டி வந்ததும் மறுபடி படுத்துட்டாங்க. 1950-ல அவர் ஆய்வேடே எழுதிட்டார், வில்லன் கோதுமைன்னு.

'இதெல்லாம் கோதுமை திங்கற ஊர் வியாதி, நமக்கு வராது'ன்னு நினைக்கிறீங்களா? 2016-ல வெளியான ஓர் இந்திய ஆய்வு, வட இந்தியாவுல நூத்துக்கு ஒருத்தருக்கு மேல சீலியாக் இருக்குன்னும், தெற்கே ஆயிரத்துல ஒருத்தருக்குன்னும் சொல்லுச்சு. ஆனா, இந்த நோய்க்கு இடம் குடுக்கிற மரபணு ரெண்டு பக்கமும் மூணுல ஒருத்தருக்கு மேல இருக்கு. பெரிய வித்தியாசம், தட்டுல. வடக்கே ஒருநாளைக்கு சராசரியா 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். ராத்திரி சப்பாத்தி, டீக்கு பிஸ்கட், பரோட்டா, நூடுல்ஸ்னு நாமளும் இப்ப ஏறிக்கிட்டுத்தானே இருக்கோம்?

சரி, நாலு டின்னர்!

சேவை அடிப்படை இதுதான். நாலு பேருக்கு ரெண்டு டம்ளர் இட்லி அரிசி. காலையில ஊற வெச்சு, மதியம் கிரைண்டர்ல நைஸா ஆட்டி, உப்புப் போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. புளிக்க வேணாம். ராத்திரி இட்லித் தட்டுல ஊத்தி 12 நிமிஷம் அவிச்சு, சூட்டோட பிழிஞ்சிடுங்க. பத்து நிமிஷம் ஆற விடுங்க. அவசரத்துக்கு அரிசிச் சேவை பாக்கெட் ஓகே, ஆனா பின்பக்கத்தைப் படிச்சுட்டு வாங்குங்க.

*தக்காளிச் சேவை:* எண்ணெயில பத்துப் பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், மிளகாய்த்தூள். ஆறு நாட்டுத் தக்காளியை அரைச்சு ஊத்தி, எண்ணெய் பிரியற வரைக்கும் சுண்ட விடுங்க. கடைசியில திருநீற்றுப் பச்சிலை நாலு இலை கிள்ளிப் போடுங்க. இத்தாலிக்காரன் 'பேசில்'னு பெருமை பேசறது இதோட ஜாதிதான்! சாஸ் கெட்டியானதும் அடுப்பை அணைச்சுட்டு, சேவையைப் போட்டு ரெண்டே புரட்டு. ரொம்பக் கிளறினா உப்புமா.

*வெள்ளைச் சேவை:* பால் வேணாம், மைதா வேணாம். ஆறின ரெண்டாம் தேங்காய்ப்பால்ல, ஆட்டி வெச்ச அதே அரிசி மாவு ரெண்டு ஸ்பூன் கரைச்சு, சின்னத் தீயில கிளறினா சாஸ் மாதிரி கெட்டியாகும். வேக வெச்ச கேரட், பீன்ஸ், சோளம், நிறைய மிளகுத்தூள். இறக்கும்போது முதல் பால்.

*பச்சைச் சேவை:* கொத்தமல்லி, புதினா, பூண்டு, பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, எலுமிச்சைச் சாறு. துவையலைக் கொஞ்சம் தளர்த்தி அரைச்சு சேவையில புரட்டுங்க, அடுப்பே வேணாம். வெளிநாட்டுல இதுக்குப் பருப்பும் சீஸும் போடுவாங்க. நம்மது முந்திரி இல்லாம, பால் இல்லாம.

*கொத்துச் சேவை:* இதுதான் எங்க வீட்டு ஹீரோ. இலங்கையில இடியாப்பக் கொத்துன்னு கடையிலயே போடுவாங்க. தோசைக்கல்லுல வெங்காயம், கறிவேப்பிலை, தக்காளி, வெந்த கோழிக்கறி (சைவம்னா காளான்). தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைச்சு வெச்ச சால்னா ரெண்டு கரண்டி. நல்லா சுண்டினதும் சேவையைப் போட்டு ரெண்டு தோசைக் கரண்டியால 'டக டக டக'. முட்டை ஒத்துக்காதவங்க விட்டுடலாம், குறை தெரியாது.

கொஞ்சம் சீரியஸா...

சீலியாக் வேற, அலர்ஜி வேற. கோதுமை, பால், முட்டை, கடலைன்னு எது அலர்ஜியா இருந்தாலும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல்னு வரலாம். மூச்சு முட்டினா யோசிக்காதீங்க, 108-க்குப் போன் அடிங்க. நிலக்கடலை அலர்ஜி உள்ளவங்களுக்குச் செக்குக் கடலை எண்ணெயும் ஆகாது, அதுல கடலைப் புரதம் தங்கியிருக்கும். அவங்கள்ல சிலருக்கு மற்ற பருப்பு வகைகளும் சேராது. அதனால பொட்டுக்கடலைக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க. பாக்கெட் உணவுல குளூட்டன் தானியம், பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, மரக்கொட்டைகள், சோயா இருந்தா லேபிள்ல சொல்லியாகணும்னு 2020-ம் வருஷ விதி இருக்கு. அந்த வரியைத் தேடிப் படிங்க.

முக்கியமா, 'எனக்கும் வயிறு உப்புதே'ன்னு நீங்களா கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டுப் போனா ரத்த டெஸ்ட்ல நோய் தெரியாமப் போயிடும். முதல்ல டாக்டர், அப்புறம் டயட்.

எட்டு மணி

இப்ப எங்க வீட்டுல ராத்திரிச் சமையல் ஒரே சட்டி. 'அவளுக்குத் தனியா' இல்ல, அவளுக்கு ஆகறதுதான் எல்லாருக்கும். கோதுமை மாவு டின்னை அம்மா அத்தை வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. சட்டி ஒண்ணுதான்னா தண்ணி கலக்குமா, கரண்டி மாறுமான்னு பயமே இல்ல. அப்பாவுக்குத்தான் முதல்ல கஷ்டம். நத்தம் ரோட்டுப் பரோட்டாவுக்கு அவர் ஆயுள் மெம்பர்! இன்னமும் சாயங்காலம் கடையில நின்னு சாப்பிட்டுட்டு, கை கழுவிட்டுத்தான் வர்றார். பார்சல் மட்டும் வர்றதில்ல.

போன வாரம் ஊருக்குப் போனேன். கொத்துச் சேவை. ஒரு தோசைக் கரண்டி என் கையில, இன்னொண்ணு தங்கச்சி கையில. தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். முதல் தட்டை நான் எடுக்கப் போனேன். 'அண்ணே, நீ கை கழுவினியா? பஸ் ஸ்டாண்டுல பப்ஸ் சாப்பிட்டேல்ல?'ன்னா.

கழுவிட்டு வந்தேன். அதுக்குள்ள என் பங்கையும் சேர்த்து ரெண்டாவது தட்டு போட்டுக்கிட்டா. எட்டு மணிக்கு நல்லாப் பசிக்குது போல!

உங்களுக்கு இந்த வார அசைன்மென்ட் சிம்பிள். அடுத்த முறை ரூம்ல பர்த்டே பார்ட்டின்னு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி, 'யாருக்காவது ஏதாவது ஒத்துக்காதா மச்சி?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. 'எனக்குப் பசிக்கல'ன்னு ஓரமா மொபைலை நோண்டிக்கிட்டு ஒருத்தன் இருப்பான் பாருங்க... அவன்கிட்ட இருந்து ஆரம்பிங்க!